படியும் தராசும்: பாற்கட்டியை அளப்பதில் நேரும் பிழைகள்

நமது அங்கத்தினர் இல்லங்களில் சமையற் குறிப்புகளைப் படித்துப் புதிய பண்டங்களைச் செய்து பார்க்கும் வழக்கம் வளர்ந்து வருகிறது. பால் கறக்கும் வீடுகளில் மிகுதிப் பாலைத் திரித்துப் பனீர் செய்து விற்கும் பழக்கமும் பரவியுள்ளது. இவ்விரண்டும் நல்ல காரியங்களே. ஆனால் இவை ஒன்று சேரும் இடத்தில் ஒரு சிறு சிக்கல் எழுகிறது. சமையற் குறிப்பு 'ஒரு கிண்ணம் பனீர்' என்று சொல்லுகிறது. கடையோ கிராமில் விற்கிறது. பாலோ லிட்டரில் அளக்கப்படுகிறது. ஒரே பொருளுக்கு மூன்று கணக்குகள். இவற்றுள் ஒன்றை மற்றொன்றாக மாற்றும்போது நேரும் பிழை ஒரு வேளைச் சமையலோடு நின்றுவிட்டால் கவலையில்லை. அது விலைப் பேச்சிலும் வரவு செலவிலும் நுழைந்துவிட்டால் உழைத்தவர் கூலியையே தின்றுவிடும். ஆகவே இதைச் சற்று விரிவாக ஆராய்தல் நலம்.

முதலில் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. நம் கல்யாண வாசலில் தெளிக்கும் பன்னீர் வேறு. பாலைத் திரித்து எடுக்கும் பனீர் வேறு. புத்தகங்களில் இதைப் பாற்கட்டி அல்லது பாலாடைக்கட்டி என்று எழுதுவர். இதிலும் கெட்டியான வகையும் உண்டு. விரலால் அழுத்தினால் உள்வாங்கும் மென்மையான வகையும் உண்டு. நாம் இங்கே பேசுவது மென்மையான வகையையே. பால் திரிந்துவிட்டால் அதைக் கொட்டிவிட மனமின்றிச் சர்க்கரை சேர்த்துக் கிளறிய நம் பாட்டிமார்களுக்கு இப்பொருள் முற்றும் புதிதன்று. அதைப் பிழிந்து, அமுக்கி, துண்டு போட்டு விற்பதுதான் புதிது.

கொள்ளளவும் எடையும்

ஒரு பாத்திரம் எவ்வளவு இடத்தைத் தன்னுள் கொள்கிறதோ அது கொள்ளளவு. படி, உழக்கு, ஆழாக்கு, லிட்டர், கிண்ணம், கரண்டி ஆகியவை எல்லாம் கொள்ளளவைச் சொல்லுபவை. ஒரு பொருள் எவ்வளவு கனக்கிறது என்பது எடை. பலம், சேர், வீசை, கிலோ ஆகியவை எடையைச் சொல்லுபவை. இவ்விரண்டும் வெவ்வேறு என்பதை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். நெல்லையும் அரிசியையும் படியிலும் மரக்காலிலும் அளந்தனர். புளியையும் மிளகாயையும் வெல்லத்தையும் பலத்திலும் வீசையிலும் நிறுத்தனர். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி, எட்டுப் படி ஒரு மரக்கால் என்பது ஒரு வாய்பாடு. எட்டுப் பலம் ஒரு சேர், ஐந்து சேர் ஒரு வீசை, எட்டு வீசை ஒரு மணங்கு என்பது மற்றொரு வாய்பாடு. இரண்டையும் தனித்தனியே மனப்பாடம் செய்தார்களேயன்றி, ஒரு படி எத்தனை பலம் என்று பொதுவாகக் கேட்கவில்லை. 'எந்தப் பொருளில் ஒரு படி?' என்று கேட்டுக்கொண்ட பிறகே விடை சொன்னார்கள்.

இதில் வேறொரு தொல்லையும் இருந்தது. படி என்பது ஊருக்கு ஊர் வேறுபட்டது. சின்னப்படி, பெரியபடி என்று ஒரே சந்தையில் இரண்டு இருக்கும். வாங்கும்போது ஒன்றும் விற்கும்போது ஒன்றுமாக எடுத்தவர்களும் உண்டு. இக்குழப்பத்தைப் போக்கவே 1956-ஆம் ஆண்டில் எடை அளவைகளைத் தரப்படுத்தும் சட்டம் இயற்றப்பட்டது. 1957 ஏப்ரலில் தசம நாணயமும், 1958 அக்டோபரிலிருந்து படிப்படியாக மெட்ரிக் எடைகளும் வந்தன. 1962 ஏப்ரலிலிருந்து கிலோ கிராம் எடைகள் நாடெங்கும் கட்டாயமாயின. ஒரு பலம் சுமார் 35 கிராம் என்றும், ஒரு வீசை சுமார் 1 கிலோ 400 கிராம் என்றும் நம் வீட்டுப் பெரியவர்கள் மாற்றிக்கொண்டது அந்நாளில்தான். இப்போது நடைமுறையில் இருப்பது 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டம்; அது 2011 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. அதன்படி வாணிகத்தில் படி, வீசை என்று அளந்து விற்க இடமில்லை. ஆனால் வீட்டுச் சமையலறையில் ஆழாக்கும் படியும் இன்னும் அரிசிப் பானைக்குள் கிடக்கின்றன. அவற்றோடு இப்போது புதிய விருந்தாளியாகக் 'கிண்ணம்' வந்து சேர்ந்திருக்கிறது.

நெசவாளர் அறிந்த உண்மை

இக்கணக்கை நமது நெசவாள அங்கத்தினர்கள் எளிதில் விளங்கிக்கொள்வார்கள். 40-ஆம் நம்பர் நூலும் 80-ஆம் நம்பர் நூலும் ஒரு பவுண்டு வீதம் வாங்கினால் இரண்டும் தராசில் ஒன்றே. நீளத்தில் அவை ஒன்றா? இல்லை. 840 கெஜம் கொண்ட சிட்டங்கள் ஒரு பவுண்டில் எத்தனை நிற்கின்றன என்பதே நூலின் நம்பர். ஆகவே 40-ஆம் நம்பர் நூல் ஒரு பவுண்டுக்கு 33,600 கெஜம்; 80-ஆம் நம்பர் நூல் 67,200 கெஜம். பாவு ஓட்டும்போது இந்த நம்பரைக் கேளாமல் எத்தனை பவுண்டு நூல் வேண்டும் என்று எவரும் சொல்லமாட்டார். எடைக்கும் நீளத்துக்கும் இடையே நின்று இரண்டையும் இணைக்கும் எண் அது.

கொள்ளளவுக்கும் எடைக்கும் இடையே அப்படி நிற்கும் எண்தான் அடர்த்தி. ஒரு லிட்டர் பொருள் எத்தனை கிலோ என்பதே அது. தண்ணீருக்கு இந்த எண் 1. அதாவது ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ, ஒரு மில்லிலிட்டர் தண்ணீர் ஒரு கிராம். மற்றப் பொருள்கள் இதைவிடச் சற்றுக் கூடியும் குறைந்தும் இருக்கும். பாலுக்கு ஏறத்தாழ 1.03. உருகிய நெய்க்கு 0.91. எண்ணெய் தண்ணீர்மேல் மிதப்பதும், மோரைக் கடையும்போது வெண்ணெய் மேலே திரள்வதும் இந்த எண் 1-க்குக் குறைவாய் இருப்பதன் விளைவே. கடையில் ஒரு லிட்டர் எண்ணெய்ப் பொட்டலத்தைத் திருப்பிப் பாருங்கள். 910 கிராம் என்று அச்சிட்டிருப்பதைக் காணலாம். ஒரு லிட்டர் எண்ணெயை ஒரு கிலோ எண்ணெய் என்று எண்ணி வாங்குகிறவர் 90 கிராம் அளவுக்குத் தவறாக எண்ணுகிறார்.

எனவே விதி மிகச் சுலபமானது. கொள்ளளவை அடர்த்தியால் பெருக்கினால் எடை. எடையை அடர்த்தியால் வகுத்தால் கொள்ளளவு. 240 மில்லிலிட்டர் கொள்ளும் கிண்ணத்தில் பால் நிரப்பினால் 240-ஐ 1.03-ஆல் பெருக்க, சுமார் 247 கிராம் வருகிறது. அதே கிண்ணத்தில் உருகிய நெய் நிரப்பினால் சுமார் 218 கிராம்.

பனீரில் வரும் மூன்று சங்கடங்கள்

பாலும் எண்ணெயும் திரவங்கள். அவை பாத்திரத்தின் மூலை முடுக்குகளையெல்லாம் நிரப்பிவிடும். ஆதலால் கணக்கு நேராக வருகிறது. பனீர் அப்படியன்று. அதில் மூன்று சங்கடங்கள் உள்ளன.

முதலாவது, காற்று. துளையில்லாமல் நன்றாக அமுக்கிய பனீரின் அடர்த்தி தண்ணீருக்கு மிக நெருக்கமானது. அதைக் கிண்ணத்தின் வடிவிலேயே வெட்டி இடைவெளியின்றிப் பொருத்தினால் 240 மில்லிலிட்டர் கிண்ணத்தில் ஏறத்தாழ 240 கிராம் நிற்கும். ஆனால் அதையே விரலால் உதிர்த்துத் தளர்வாகப் போட்டால் உதிரிகளுக்கிடையே காற்று நிற்கிறது. அப்போது கிண்ணம் நிரம்பியிருந்தும் 130 முதல் 150 கிராம்தான் இருக்கும். சிறு துண்டுகளாக வெட்டிப் போட்டாலும் ஏறத்தாழ அவ்வளவே. நெல்லைத் தலைதட்டி அளப்பதற்கும் குவித்து அளப்பதற்கும், படியைக் குலுக்கி அளப்பதற்கும் குலுக்காமல் அளப்பதற்கும் உள்ள வேறுபாட்டை விவசாயிகள் அறிவார்கள். பனீரில் அந்த வேறுபாடு பலமடங்கு பெரியது.

இதைச் சோதித்துப் பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. கிண்ணம் நிறையப் பனீர்த் துண்டுகளைப் போட்டு, அதன்மேல் விளிம்புவரை தண்ணீர் ஊற்றுங்கள். பிறகு அத்தண்ணீரை வடித்து அளந்து பாருங்கள். அதுவே துண்டுகளுக்கிடையே இருந்த காற்றின் அளவு. 240 மில்லிலிட்டர் கிண்ணத்தில் 100 மில்லிலிட்டர் தண்ணீர் பிடித்தால், பனீர் இருந்த இடம் 140 மில்லிலிட்டரே.

இரண்டாவது, ஈரம். பாலைக் காய்ச்சி, எலுமிச்சைச் சாறோ வேறு புளிப்போ சேர்த்துத் திரித்து, துணியில் வடிகட்டிப் பாரம் வைத்து அமுக்குகிறோம். எவ்வளவு நேரம், எவ்வளவு பாரம் என்பதைப் பொறுத்து அதனுள் நிற்கும் நீர் மாறுகிறது. உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி பனீரில் ஈரம் நூற்றுக்கு 60-க்கு மேற்படக் கூடாது. 60 பங்கு ஈரமுள்ள ஒரு கிலோவில் சத்துப்பொருள் 400 கிராம். அதே 400 கிராம் சத்துப்பொருள் 50 பங்கு ஈரத்தோடு இருந்தால் எடை 800 கிராம்தான். ஒரே பாலிலிருந்து எடுத்ததே ஒருவர் கையில் ஒரு கிலோவாகவும் மற்றொருவர் கையில் 800 கிராமாகவும் நிற்கும். ஈர நெல்லை நிறுத்து விற்பதைப் போன்றது இது. 20 பங்கு ஈரமுள்ள 100 கிலோ நெல் 17 பங்கு ஈரத்துக்கு உலர்ந்தால் சுமார் 96 கிலோவாகிறது. நெல் ஒரு மணியும் குறையவில்லை, தண்ணீர்தான் போயிற்று. பருத்தி நூலும் மழைக்காலத்தில் காற்றின் ஈரத்தை ஏற்றுக் கனக்கும். ஆகவே எடை என்பது நம்பத்தக்கதே எனினும், ஈரத்தையும் சேர்த்தே தராசு சொல்லுகிறது என்பதை மறக்கலாகாது.

மூன்றாவது, கிண்ணம். 'கிண்ணம்' என்றால் எந்தக் கிண்ணம்? அமெரிக்க நூல்களில் வரும் கிண்ணம் சுமார் 237 மில்லிலிட்டர். வேறு சில நாடுகளில் 250 மில்லிலிட்டர். நம் நாட்டுக் குறிப்புகளில் 240 என்றும் 250 என்றும் இருவகையாகவும் கொள்கிறார்கள். நம் வீட்டுக் காப்பி டம்ளரோ இவற்றுள் எதுவாகவும் இராது. சின்னப்படி பெரியபடித் தொல்லை வேறு வேடத்தில் திரும்பி வந்திருக்கிறது என்றே சொல்லலாம்.

இதோடு அவுன்ஸ் என்ற சொல்லும் மயக்கம் தருவது. மருந்துக்கடை அவுன்ஸ் கிளாஸை நாம் அறிவோம். அது திரவ அவுன்ஸ், கொள்ளளவைக் குறிப்பது. ஏறத்தாழ 28 முதல் 30 மில்லிலிட்டர். எடை அவுன்ஸ் என்று வேறொன்று உண்டு, அது 28.35 கிராம். மேல்நாட்டுக் குறிப்பில் 'எட்டு அவுன்ஸ் மென்பாற்கட்டி' என்று வந்தால் அது எடை, அதாவது 227 கிராம். வெண்ணெய்போல் குழைந்த கிரீம் சீஸ் என்னும் வகையில் எட்டு அவுன்ஸ் ஏறத்தாழ ஒரு கிண்ணத்தை நிரப்புவதால், 'எட்டு அவுன்ஸ் என்றால் ஒரு கிண்ணம்' என்ற எண்ணம் பலருக்கு ஏற்பட்டுவிட்டது. குழைந்த பொருளுக்கு அது பொருந்தும். உதிர்த்த பொருளுக்குப் பொருந்தாது. உதிர்த்த பனீரில் 227 கிராம் வேண்டுமானால் ஒன்றரைக் கிண்ணத்துக்கு மேல் வேண்டும்.

ஓர் உதாரணக் கணக்கு

இப்பிழை எவ்வளவு தூரம் போகும் என்பதை ஓர் உதாரணத்தால் காண்போம். வில்லாபுரம் பக்கத்தில் கறவை மாடு வைத்திருக்கும் நாலைந்து பெண்மணிகள் ஒன்று சேர்ந்து ஒரு கல்யாண விருந்துக்குப் பனீர் செய்து கொடுக்க ஒப்புக்கொண்டதாக வைத்துக்கொள்வோம். சமையற்காரர் கொடுத்த பட்டியலில் 'உதிர்த்த பனீர் 40 கிண்ணம்' என்று இருக்கிறது.

ஒரு கிண்ணம் 240 மில்லிலிட்டர். ஆகவே 240 கிராம் என்று அவர்கள் எண்ணினால், 40 கிண்ணத்துக்கு 9 கிலோ 600 கிராம் ஆகிறது. கொழுப்பு மிகுந்த எருமைப்பாலில் லிட்டருக்கு உத்தேசமாக 200 கிராம் பனீர் கிடைக்கும் என்று கொண்டால், 48 லிட்டர் பால் தேவைப்படுகிறது. உண்மையில் உதிர்த்த பனீர் கிண்ணத்துக்கு 140 கிராம்தான். 40 கிண்ணத்துக்கு 5 கிலோ 600 கிராம். அதற்குப் பால் 28 லிட்டர் போதும். இடையே 20 லிட்டர் பால் வீண். கணக்குக்காகப் பால் லிட்டர் 50 ரூபாய் என்று கொண்டால் ஆயிரம் ரூபாய். பனீர் நெடுநாள் வைத்திருக்கக்கூடிய பொருளும் அன்று. மிகுந்ததைக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட வேண்டியதுதான். அடுப்பு எரித்த விறகும் நாள் முழுதும் நின்ற உழைப்பும் அதோடு போயின.

மாறாகவும் நேரலாம். சமையற்காரர் 'கிண்ணத்தில் அமுக்கி நிரப்பியது' என்ற பொருளில் எழுதியிருந்து, இவர்கள் தளர்வாக உதிர்த்ததென்று எண்ணி 5 கிலோ 600 கிராம் மட்டும் கொண்டுபோனால், பந்தியில் 4 கிலோ குறையும். அங்கே நஷ்டம் பணத்தில் மட்டுமன்று. சொன்ன சொல் தவறிய பெயரும் வரும். அடுத்த கல்யாணத்துக்கு அழைப்பு வராது.

பசும்பாலில் கணக்கு மேலும் மாறும். அதில் திடப்பொருள் குறைவாதலால் லிட்டருக்கு 150 முதல் 180 கிராம் வரையே எதிர்பார்க்கலாம். 170 கிராம் என்று கொண்டால் 5 கிலோ 600 கிராமுக்கு 33 லிட்டர் பால் வேண்டும். எருமைப்பால் கணக்கில் விலை பேசிவிட்டுப் பசும்பாலில் செய்தால் ஐந்து லிட்டர் கையிலிருந்து போகும். ஆகவே விலை பேசுமுன் தம் வீட்டுப் பாலிலேயே ஒரு லிட்டரைத் திரித்து, அமுக்கி, நிறுத்துப் பார்த்துவிடுவது முதற் கடமை.

பால் விற்பனையிலும் இதே கணக்கு உண்டு. பத்து லிட்டர் பால் 10 கிலோ 300 கிராம் நிற்கும். பாலை எடையாக நிறுத்து லிட்டருக்கு விலை கொடுக்கும் இடத்தில், பத்துக் கிலோவைப் பத்து லிட்டர் என்று எழுதினால் வாங்குகிறவர் அதிகம் கொடுக்கிறார். பத்து லிட்டரை அளந்து வாங்கிக்கொண்டு பத்துக் கிலோவுக்கு விலை கொடுத்தால் விற்கிறவர் குறைவாகப் பெறுகிறார். நூறு லிட்டருக்கு இது மூன்று லிட்டர் வித்தியாசம். லிட்டரில் அளக்கும்போது நுரை அடங்கும்வரை பொறுத்திருப்பதும் அவசியம். நுரை இடத்தை அடைக்குமேயன்றி எடையில் சேராது.

கையில் வைத்துக்கொள்ளத்தக்க அளவுகள்

கீழே தந்திருப்பவை 240 மில்லிலிட்டர் கொள்ளும் கிண்ணத்தைத் தலைதட்டி நிரப்பினால் வரும் உத்தேச எடைகள்.

தண்ணீர்: 240 கிராம்.
பால்: 247 கிராம்.
கெட்டித் தயிர்: சுமார் 245 கிராம்.
வெண்ணெய், இடைவெளியின்றி அமுக்கியது: 225 முதல் 230 கிராம்.
உருகிய நெய்: சுமார் 218 கிராம்.
நல்லெண்ணெய்: சுமார் 220 கிராம்.
குழைந்த கிரீம் சீஸ்: சுமார் 235 கிராம்.
ரிக்கோட்டா போன்ற ஈரமுள்ள மென்பாற்கட்டி: 245 முதல் 250 கிராம்.
பனீர், உதிர்த்துத் தளர்வாகப் போட்டது: 130 முதல் 150 கிராம்.
பனீர், சிறு துண்டுகள்: 130 முதல் 150 கிராம்.
பனீர், மசித்து இடைவெளியின்றி அமுக்கியது: 230 முதல் 240 கிராம்.

கிண்ணம் 250 மில்லிலிட்டராயின் இவற்றை நூற்றுக்கு நான்கு வீதம் கூட்டிக்கொள்ளலாம். பட்டியலின் கடைசி மூன்று வரிகளை ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரே பனீர், ஒரே கிண்ணம், ஆனால் எடையில் ஏறக்குறைய நூறு கிராம் வேறுபாடு. இதனால்தான் பனீரைப் பொறுத்தமட்டில் கிண்ணக் கணக்கை எடைக் கணக்காக மாற்றிக்கொள்வது மற்றெல்லாப் பொருளையும்விட அவசியமாகிறது.

வீட்டிலுள்ள ஆழாக்கோ டம்ளரோ எவ்வளவு கொள்ளும் என்பதை அறிவதும் கடினமன்று. வெறும் பாத்திரத்தைத் தராசில் வைத்துத் தடை கட்டிக்கொண்டு, விளிம்புவரை தண்ணீர் நிரப்பி நிறுங்கள். எத்தனை கிராமோ அத்தனை மில்லிலிட்டர். அந்த எண்ணைப் பாத்திரத்தின் அடியில் ஆணியால் கீறி வைத்துவிட்டால் தலைமுறைக்கும் உதவும்.

தராசு இல்லாத வீட்டில்

எல்லா வீட்டிலும் தராசு இராது. அப்போது தண்ணீரையே தராசாகக் கொள்ளலாம். மிதக்கும் பொருள் தன் எடைக்குச் சமமான தண்ணீரை விலக்கும் என்பது ஆர்க்கிமிடீஸ் கண்ட உண்மை. அகன்ற பாத்திரம் ஒன்றைப் பெரிய தட்டின்மேல் வைத்து அதில் லேசான எவர்சில்வர்க் கிண்ணி ஒன்றை மிதக்கவிடுங்கள். பாத்திரத்தில் விளிம்புவரை தண்ணீர் ஊற்றி, வழிவது நின்றதும் தட்டிலுள்ளதைத் துடைத்துவிடுங்கள். பிறகு மிதக்கும் கிண்ணிக்குள் பனீரை மெதுவாக வையுங்கள். கிண்ணி சற்று அமிழும். தண்ணீர் தட்டில் வழியும். வழிந்த தண்ணீரை மில்லிலிட்டர் கோடு போட்ட குவளையில் ஊற்றி அளந்தால், எத்தனை மில்லிலிட்டரோ பனீர் ஏறத்தாழ அத்தனை கிராம். பனீர் உதிர்ந்திருந்தாலும், துண்டாயிருந்தாலும், ஈரம் மிகுந்திருந்தாலும் இவ்வழியில் பிழை வராது. ஏனெனில் இங்கே நாம் இடத்தை அளக்கவில்லை, கனத்தையே அளக்கிறோம். கிண்ணி கவிழாமலும் பாத்திரத்தின் சுவரில் ஒட்டாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். சமையலுக்கு இது போதும். விற்பனைக்கு இது ஆகாது.

விற்பனைக்குத் தராசே வேண்டும். அதுவும் முத்திரையிட்ட தராசாய் இருக்க வேண்டும். சட்டப்படி எடைக்கற்களையும் கொள்ளளவைகளையும் கைத்தராசுகளையும் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையும், மின்னணுத் தராசை ஆண்டுக்கு ஒரு முறையும் சரிபார்த்து முத்திரை பெற வேண்டும். நம் மாநிலத்தில் இதைத் தொழிலாளர் துறையைச் சேர்ந்த முத்திரை ஆய்வாளர்கள் செய்கிறார்கள். நாலைந்து பேர் சேர்ந்து பனீர் செய்யும்போது ஆளுக்கொரு தராசு வாங்குவதைவிட, பொதுவில் ஒன்று வாங்கி முத்திரையிட்டு வைத்துக்கொள்வதே சிக்கனம்.

வாங்குவோரும் விற்போரும் கவனிக்க வேண்டியவை

சமையற்காரரோ கடைக்காரரோ கிண்ணத்தில் கேட்டால், 'எத்தனை கிலோ?' என்று திருப்பிக் கேட்டு, அந்த எண்ணையே துண்டுச் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அவர் தயங்கினால், அவர் முன்னிலையில் அவருடைய கிண்ணத்தை ஒரு முறை நிரப்பி நிறுத்துக் காட்டுங்கள். இரண்டு நிமிட வேலை. பிறகு தகராறுக்கு இடமில்லை.

எப்போது நிறுப்பது என்பதையும் முன்னரே பேசிக்கொள்வது நல்லது. பாரம் எடுத்தவுடன் நிறுத்தால் ஒரு கனம். சில மணி நேரம் கழித்து நீர் வடிந்த பின் நிறுத்தால் வேறு கனம். ஒரே பக்குவத்தில், ஒரே நேர அளவு அமுக்கிக் கொடுப்பவரிடம் வாடிக்கை நிலைக்கும். ஈரத்தை விற்றுச் சம்பாதிக்கும் நூறு கிராம் ஒரு நாளைக்கு லாபமாகத் தோன்றும். சட்டியில் போட்டதும் நீர் பிரிந்து துண்டு சுருங்குவதைச் சமையற்காரர் காண்பார். மறுமுறை வேறிடம் போவார்.

சமையற் குறிப்பை எழுதி வைப்பவர்களும் ஒரு முறை நிறுத்துப் பார்த்து, 'ஒரு கிண்ணம்' என்பதன் பக்கத்தில் கிராமையும் எழுதி வைப்பது பேருதவி. உப்பு, மஞ்சள்தூள் போன்றவற்றைக் கரண்டியில் அளப்பதில் தவறில்லை. அவை சிறு அளவு. இடைவெளி மிகுந்த பனீர், துருவிய தேங்காய், கீரை போன்றவற்றைக் கிண்ணத்தில் அளப்பதே ஆபத்து.

நம் அருகிலுள்ள ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவை எண்ணிப் பாருங்கள். 2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற அப்பண்டத்தை எவரும் கிண்ணத்தில் கேட்பதில்லை. கால் கிலோ, அரைக் கிலோ என்றே கேட்கிறார்கள். விற்பவரும் வாங்குபவரும் ஒரே மொழியில் பேசுகிறார்கள். பனீர் நம் ஊருக்குப் பிந்தி வந்த பொருளாதலால் இன்னும் இரண்டு மொழிகளில் பேசப்படுகிறது. அதை ஒரே மொழிக்குக் கொண்டுவருவது நம் கையில் இருக்கிறது.

கூட்டுறவு என்பது பலர் சேர்ந்து உழைப்பது மட்டுமன்று; பலரும் ஒரே அளவைக் கைக்கொள்வதும் அதில் அடங்கும். ஒரே நம்பர் நூல் என்று சொல்லிக் கொடுத்த பாவில் இருவேறு நூல் கலந்திருந்தால் சேலை என்ன ஆகும் என்பது நெசவாளர்க்குத் தெரியும். ஒருவர் கிண்ணத்திலும் மற்றொருவர் கிலோவிலும் கணக்கு வைத்துக்கொண்டு சேர்ந்து தொழில் செய்தால் வரவு செலவும் அப்படியே ஆகும். ஆகவே அங்கத்தினர்கள் இந்த வாரமே ஒரு முறை தங்கள் வீட்டு டம்ளரையும் கிண்ணத்தையும் தண்ணீர் நிரப்பி நிறுத்துப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறோம். அந்த எண்ணை அடுப்பங்கரைச் சுவரில் எழுதி வையுங்கள். அடுத்த முறை பால் திரிக்கும்போது கணக்குத் திரியாது.